பரப்புக்கு எத்தனை அந்தர்?

உள்ளதைச் சொல்லாமல் என் வாய் சும்மா இருக்காது என்று சண்டிலிப்பாய் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நானே போன வருடம் பொய் சொன்னேன். விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சிவதர்ஷன் என்ற தம்பி படிவத்தோடு வந்து, "வெங்காயம் ஒரு பரப்புக் காணியிலை எத்தனை அந்தர் கிடைச்சுது அக்கா?" என்று கேட்டார். கிடைத்தது எட்டு அந்தர், அதாவது நானூறு கிலோ. விளைச்சலை வெளியே சொன்னால் கேட்கிறவர்களின் வயிற்றெரிச்சலில் நாவூறு பட்டுவிடாதா? "என்னத்தைக் கிடைச்சுது, மூண்டு" என்றேன். ஊரே அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

இந்த வருடம் வெங்காயத் தாள் முறுக்கிச் சுருண்டு பாதித் தோட்டம் போய்விட்டது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. யாராவது வழி கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமே மிஞ்சாது.

நேற்று சிவதர்ஷன் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார். ஒரேயொரு பயிரின் நோயை ஆராயத்தான் நிலையத்தில் காசு இருக்கிறதாம். எதைக் காப்பாற்றினால் பயன் கூடுதல் என்று பார்த்ததில் மிளகாய் முன்னுக்கு வந்துவிட்டதாம்.

"ஏன், எங்கடை வெங்காயத்துக்கு என்ன குறை?" என்று பாய்ந்தேன்.

"மூண்டு அந்தர் விளையிற பயிரிலை நோயை நிப்பாட்டி எவ்வளவைக் காப்பாத்தலாம் அக்கா? நீங்கள் எல்லாரும் சொன்ன கணக்குத்தான் இது. நாளைக்கு முடிவை அனுப்பவேணும்."

வந்திருந்த முப்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்மேலேயே.

"எட்டு!" என்று கத்தினேன். "போன வருசம் எனக்கு எட்டு அந்தர். எழுதுங்கோ தம்பி."

"உனக்கென்ன விசரே, குணலட்சுமி?" என்றார் பக்கத்துத் தோட்டப் பரமலிங்கம் அண்ணை.

"நாவூறுக்குப் பயந்து தோட்டத்தைச் சாகவிடுறதோ அண்ணை?"

பின்னாலிருந்து ஒரு குரல் "ஏழு" என்றது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். பரமலிங்கம் அண்ணை மட்டும், "நான் வாயாலை சொல்லமாட்டன், எழுதித் தாறன்" என்று கையால் மறைத்து ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

சிவதர்ஷன் எல்லாவற்றையும் திருத்திக் கூட்டிப் பார்த்தார். "வெங்காயம் மிளகாயைத் தாண்டீட்டுது. இதைத்தான் அனுப்பப்போறன்" என்றார். அப்பாடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்தபோது அண்ணையின் துண்டு மேசையில் விரிந்து கிடந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பதினொன்று! ஒரே மண், ஒரே பங்குக் கிணறு, இந்த மனிசனுக்கு மட்டும் பதினொன்றா? வயிறு பற்றி எரிந்தது. வீடு வந்து சேர்ந்தும் அது அடங்கவில்லை. அண்ணை பயந்ததில் ஒரு பிழையும் இல்லை.