தகடு சொன்ன எடை

மூன்றே வருஷம் ஓடிய கேரவனுக்குப் புத்தம் புதுத் தரைவிரிப்பு எதற்கு? கிளெம் கதவைத் திறந்து காட்டியபோதே லியோனிக்கு உறுத்தியது.

கிளெம், இறந்துபோன அவள் கணவனின் தம்பி. அவனும் மனைவி கெயிலும் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு பயணம் போகும் சின்ன வீடு அது. சொந்தத்துக்குள் விற்பதால் விலையைக் குறைத்திருப்பதாகச் சொன்னான். அது இன்னும் உறுத்தியது. அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

முன்பக்கத்தில் எடை பொறித்திருந்த தகட்டை இரண்டு தடவை படித்தாள். வெறும் வண்டி 1,780 கிலோ. சாமான்களோடு 2,200ஐத் தாண்டக் கூடாது. இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நானூற்று இருபது கிலோ ஏற்றலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

தன் பிக்கப்பில் கேரவனை மாட்டி, கிளெமைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தாள். சின்ன மேட்டுக்கே எஞ்சின் முனகியது.

"கோதுமைக் கிடங்குக்குப் போறேன். எடை மேடைல ஏத்திப் பார்த்துடலாம்."

"இன்னிக்கு அங்க லீவு," என்றான் கிளெம் சட்டென்று.

"அப்ப முன்னாடி போற லோடு லாரியெல்லாம் எங்க போகுது, பிக்னிக்கா?"

எடை மேடையில் கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மேடையை விட்டு ஓட்டி இறக்கினாள். கூண்டுக்குள் இருந்த பெண் கத்தினாள்: "ரெண்டாயிரத்துத் தொண்ணூறு!"

"தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கும்," என்றான் கிளெம்.

லியோனி குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

"கேஸ் சிலிண்டர்..."

"முந்நூத்திப் பத்து கிலோவுக்கா?"

உள்ளே ஏறி விரிப்பின் மூலையைச் சாவியால் நெம்பித் தூக்கினாள். அடியில் இரும்புத் தகடு, சுவருக்குச் சுவர்.

"வெள்ளத்துல தரை ஊறிப் போச்சு," என்றான் கிளெம், அவள் முகத்தைப் பார்க்காமல். "பலமா இருக்கட்டும்னு நானே அடிச்சேன்."

"இவ்வளவு பலமான வண்டிய ஏன் விக்கிற?"

பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கத் தொடங்கின. கிளெம் தொப்பியைக் கழற்றினான்.

"போன ஜூலைல, சாமானெல்லாம் ஏத்திட்டுப் போனோம். ஒரு இறக்கத்துல பின்னாடி கேரவன் ஆட ஆரம்பிச்சுது. ரோட்டை விட்டே இறங்கிட்டோம். கெயில் இனிமே ஏறமாட்டேன்னுட்டா."

"எனக்கு மிச்சம் நூத்திப் பத்து கிலோ. தண்ணி பிடிச்சாலே தீர்ந்துது. அதுக்கு மேல ஏத்தி எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிப்பான். தெரிஞ்சேதான் என் தலைல கட்டப் பார்த்தியா?"

"நீ நல்லா ஓட்டுவ. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

லியோனி பிக்கப்பில் ஏறினாள்.

"ஏய், இத மாட்டாமப் போறியே!"

"உன் வண்டி. இழுக்கத் தெம்பிருக்கறவனக் கூப்பிடு."

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்தது. மறுமுனையில் கெயில்.

"வாங்கலையே லியோனி? நெஜமா வாங்கலையே? நானே சொல்லணும்னு இருந்தேன். அவர்தான்..."

போன வாரம் லியோனியோடு தேநீர் குடித்துக்கொண்டே, கேரவன் ஜன்னல் திரைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசியவள் இதே கெயில்தான்.

"வாங்கல," என்று சொல்லிவிட்டு லியோனி தொலைபேசியை வைத்தாள்.