மச்சினன் பக்கத்துப் பட்டை

தளவாய் காண்ட்ராக்டர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்துவந்த வண்டியைப் பார்க்கத் தென்காசியில் பாதி ஊர் கூடிவிட்டது. அதற்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் தகடுகளைக் கோத்த இரும்புப் பட்டை சக்கரங்களைச் சுற்றி ஓடும். சேற்றில் போகும், தண்ணீரில் மிதக்கும். குளங்களில் மண்டிக் கிடக்கும் அமலைச் செடியை இழுத்துக் கரையில் போடும் காண்ட்ராக்ட் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பட்டை இரண்டும் கழன்று தனியாகத்தான் வந்து சேர்ந்தன. அவற்றை மாட்டும் வேலை குற்றாலம் ரோட்டில் இருந்த அவருடைய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நல்லதம்பிக்கும் நல்லதம்பியின் மச்சினன் பால்வண்ணநாதனுக்கும் வந்தது.

வேலையில் இரண்டு பேரும் புலிகள். ஒரே சங்கடம், ஒரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணத்தைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நல்லதம்பியின் மகளுக்குக் குற்றாலத்துக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் பால்வண்ணநாதன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அன்று காலையில் காய்கறி வாங்கிவர அவனைப் பாவூர்சத்திரத்துக்கு அனுப்பியதும் நல்லதம்பிதான். வரும் வழியில் பஸ் மக்கர் பண்ணிவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்த, நல்லதம்பி தூரத்து மச்சினன் ஒருத்தனை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். பால்வண்ணநாதன் தோளில் கத்தரிக்காய் மூட்டையோடு வந்து நின்றபோது பிள்ளை வேறொருத்தன் மடியில் அழுதுகொண்டிருந்தது.

"மூட்ட சுமக்கத்தான் மாமன் போல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான்.

தப்பு தன் பேரில்தான் என்று நல்லதம்பிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சபையில் வைத்துச் சொல்லிவிட்டானே, சின்னவன்தானே இறங்கி வரவேண்டும் என்று ஒரு வீம்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல அவர் மனைவி உலகம்மைதான் நடுவில் கிடந்து அவதிப்பட்டாள்.

"ஒரு வார்த்த பேசினா வாயில உள்ள முத்து உதிந்துருமாக்கும்" என்பாள்.

"அவன் பேசட்டும்" என்பார் இவர். தம்பியிடம் போய்க் கேட்டால், "அத்தான் பேசட்டும்" என்பான் அவன்.

பட்டை மாட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. அதைத் தரையில் நீளமாக விரித்து, வண்டியை மேலே ஏற்றி, முனையைக் கயிறு கட்டிச் சக்கரங்களுக்கு மேலாக இழுத்துவர வேண்டும். ஒருவர் இரண்டு முனைகளையும் நெருக்கிப் பிடித்தால்தான் மற்றவர் ஆணியை அடிக்க முடியும். பேசாமல் எப்படி? சுத்தியலால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் இழு; இரண்டு தட்டினால் நிறுத்து. சாரலில் நனைந்துகொண்டு இந்த ஊமைக்கூத்து நாள் முழுக்க நடந்தது. தளவாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மாட்டியபிறகு முறுக்கேற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தள்ளுகிற திருகாணியை முறுக்கினால் பட்டை இறுகும். ரொம்ப இறுகினால் சேறு அடைத்து அறுந்துபோகும். தளர்ந்தாலோ வண்டி திரும்பும்போது சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். மேலே ஒரு கம்பை வைத்துப் பார்த்தால் நடுவில் மூன்று விரல் தொங்கல் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வலது பக்கத்தை நல்லதம்பியும் இடது பக்கத்தைப் பால்வண்ணநாதனும் எடுத்துக்கொண்டார்கள். எந்த வண்டியானாலும் ஒருவர் முடுக்கியதை மற்றவர் ஒருதரம் பார்த்துச் சொல்வது அந்த ஒர்க்‌ஷாப்பில் வழக்கம். இந்த ஒரு வருடத்தில் அது நின்றுபோயிருந்தது.

மறுநாள் வண்டியை லாரியில் ஏற்றி, வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு குளத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். நல்லதம்பி சும்மா சுற்றிவருவதுபோல இடது பக்கம் வந்தார். பட்டை ஒரு சாண் அளவுக்குத் தொங்கியது. கம்பு வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, கண்ணிருந்தால் போதும். இவ்வளவு தொங்கலை அவன் விடுகிற ஆள் இல்லையே என்று நினைத்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

நிமிர்ந்தார். எதிரே ஸ்பானரோடு பால்வண்ணநாதன் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக அவன் அப்படிப் பார்த்ததில்லை. என் வேலையில் குற்றம் சொல்லிப் பார் என்று சவால் விடுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. கழலட்டும், நாலு பேர் முன்னால் அசிங்கப்படட்டும், அப்போது "அத்தான், ஒரு கை பிடிங்க" என்று தானே வருவான் என்று எண்ணினார். திரும்பி லாரிப் பக்கம் போய்விட்டார்.

பால்வண்ணநாதன் வண்டியில் ஏறி ஓட்டினான். குளத்துக்கரைச் சரிவில் இறங்கித் திருப்பும்போது இடது பட்டை கழன்றது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. அவன் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

தென்காசி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பட்டை தளர்ந்திருந்ததைப் பார்க்கவில்லையா என்று தளவாய் கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், உலகம்மையும் கேட்டாள். எல்லாரிடமும் நல்லதம்பி ஒரே பதில்தான் சொன்னார்: "நான் பட்டையப் பாக்கவே இல்ல."

காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவன் பக்கத்தில் அவர் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார். போன கால் இனி வருமா?

காய்ச்சல் விட்ட அன்று பால்வண்ணநாதன்தான் முதலில் பேசினான்.

"அத்தான், ஒரு கோட்டித்தனம் பண்ணிட்டேன். பட்டைய வேணும்னேதான் தொங்க விட்டேன்."

நல்லதம்பி அவனையே பார்த்தார்.

"நீங்க பாத்தா ஏசுவீங்க. 'ஏலே, இதுதான் முடுக்குன லட்சணமா'ன்னு ஒரு வார்த்த வந்துரும்லா. வந்ததும் முடுக்கிருவோம்னு ஸ்பானரக் கையிலயே வச்சிருந்தேன். நீங்க பாட்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்க. எனக்கும் வீம்பு, ஏறிட்டேன். மெதுவா கொண்டுபோயிரலாம்னு நெனச்சேன்."

கட்டில் ஓரத்தில் உலகம்மை கஞ்சிச் செம்போடு நின்று அழுதாள்.

"அழாத அக்கா. கால் போச்சுன்னா போவுது. நீங்க பாத்துட்டும் பேசாம போயிருந்தா, அதத்தான் என்னால தாங்க முடியாது அத்தான். பக்கத்துல வந்தாலும் நீங்க பட்டையப் பாக்கலைன்னு அக்கா சொன்னா. நெசந்தானே?"

நல்லதம்பிக்கு உண்மையைச் சொல்லி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் என்று இருந்தது. அந்தக் கால்தான் இல்லையே. அக்காளும் தம்பியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா மாப்ள, நான் பாக்கல" என்றார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மச்சினனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பால்வண்ணநாதன் கையை நீட்டி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா," என்றான், "அத்தான் பேசிட்டாரு."