கவிழ்த்துப் போட்ட ட்ரெய்லர்

இது நான் நினைக்கிறபடிதான் நடந்ததா என்று எனக்கு உறுதியில்லை. அன்று மழை பெய்தது என்கிறாள் மார்லிஸ் அண்ணி. என் நினைவில் வெயில் அடிக்கிறது.

அண்ணன் ஆர்வலுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம், மோன்டானாவில் வேலை கிடைத்திருந்தது. வீட்டுச் சாமான்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் எங்கள் பழைய ட்ரெய்லரில்தான் போயாக வேண்டும். அதற்குப் பிரேக் கிடையாது. ஒருமுறை விறகோடு இறக்கத்தில் வந்தபோது பின்னாலிருந்து பிக்கப்பையே தள்ளியிருக்கிறது. அண்ணி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

"அது நின்னாத்தான் நான் வருவேன். இல்லேன்னா நீ மட்டும் போய்ச் சேரு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு சக்கரத்துக்கும், உள்ளே காந்தம் வைத்த மின்சார பிரேக் வாங்கினோம். அண்ணனுக்கு அடியில் படுத்து வேலை செய்ய முதுகு ஒத்துழைக்காது. டிராக்டரால் ட்ரெய்லரைத் தூக்கிக் கவிழ்த்தோம். பின்னால் நின்றுகொண்டு, இடது என்று எழுதியிருந்த பிரேக்கை இடக்கைப் பக்கமும் மற்றதை வலக்கைப் பக்கமும் முடுக்கினோம். ஒயர் இழுத்து, நிமிர்த்தினோம்.

ஓட்டிப் பார்த்தால், பிரேக் லேசாகப் பிடித்து வழுக்கியது.

"டேய், ஒயரை மாத்திக் கொடுத்தியா?"

"நீதானேண்ணே கொடுத்தே."

"காந்தம் இழுக்குதே. ஸ்பேனர் ஒட்டிக்குது, பாரு."

ஒயரைக் கழற்றினோம், மறுபடி கொடுத்தோம். அதேதான். வாசலுக்குப் பின்னோக்கி எடுத்தபோது சக்கரங்கள் பூட்டியதுபோல் நின்றன.

"பின்னால போறப்ப மட்டும் நிக்குது" என்றேன்.

"அப்போ மோன்டானாவுக்குப் பின்பக்கமாவே போயிடலாம்" என்றாள் அண்ணி, காபிக் கோப்பையோடு.

சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கும் இரண்டு பிரேக் ஷூக்களில், முன்னால் இருக்க வேண்டிய சின்னது பின்னால் இருந்தது. அண்ணன் தன் கைகளைப் பார்த்தான். ட்ரெய்லரைப் பார்த்தான்.

"கவுத்தப்போ இது அந்தப் பக்கம் போயிடுச்சு. அப்போ இது வலது. இல்ல, இரு…"

"முதல்ல உங்க ரெண்டு பேரையும் நிமிர்த்தணும்" என்றாள் அண்ணி.

பக்கம் மாற்றி மாட்டினோம். சரியாக மாட்டினோமா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. விறகை ஏற்றியதும் அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு தானே மேட்டுக்கு ஓட்டிப் போனாள். இறக்கத்தில் வந்தவள் தபால் பெட்டியருகே பிரேக்கை அழுத்தினாள். ட்ரெய்லர் அங்கேயே நின்றது. இறங்கி, உள்ளே போய்த் தன் பெட்டியைத் தூக்கிவந்து பிக்கப்பில் வைத்தாள்.

மறுநாள் கணவாயைத் தாண்டினார்கள். அண்ணன் அங்கே வெல்டிங் வேலை செய்கிறான். அவர்களுக்குப் பெண் பிறந்தது. இப்போது பள்ளிக்குப் போகிறாள். ட்ரெய்லர் அவர்களிடமே இருக்கிறது. நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்.