நடுவில் குழிந்த கேக்

இரண்டாவது முறையும் ஹன்னாவின் கேக் நடுவில் குழிந்துதான் வந்தது. ஓரம் மட்டும் வெந்து நிற்க, நடுப்பகுதி களி மாதிரி அமுங்கிக் கிடந்தது. திருப்பதியில் அம்மா செய்யும் அதே கேக்தான். மைதா, வெல்லம், தயிர், எண்ணெய், ஆப்ப சோடா, பட்டையும் கிராம்பும் சுக்கும் இடித்த பொடி. முட்டையும் வெண்ணெயும் இல்லாததால் கையைக் கடிக்காது. அங்கே ஒருநாளும் குழிந்ததில்லை.

சித்தூரில், புகுந்த வீட்டில், இது அவளுக்கு முதல் கிறிஸ்துமஸ். முட்டை சாப்பிடாத பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாமே என்று பண்டிகைக் கேக்கைச் செய்வதாக அவளே முன்வந்து ஏற்றுக்கொண்டாள். நாளைக்கும் சரியாக வராவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மாமியார் எலிசபெத் தன்மையாகத்தான் சொன்னார். அப்படி ஒருமுறை வாங்கிவிட்டால் அம்மாவின் கேக் இந்த வீட்டில் மறுபடி தலைகாட்டாது என்று ஹன்னாவுக்குத் தெரியும்.

"நடுவுல தண்ணி ஊத்தி மீன் வுடலாம் அண்ணி" என்றாள் நாத்தனார் பிளெஸ்ஸி, குழிந்த இடத்தையே பிட்டுத் தின்றபடி.

அந்தத் தெருவில் எல்லோரும் மாவை வீட்டில் கலந்து, தட்டில் ஊற்றி, கங்கையாவின் பேக்கரி அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பண்டிகைக்கு முன் அங்கே தட்டுகள் வரிசை கட்டி நிற்கும். ஹன்னா முதலில் அந்த அடுப்பைத்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் அதே அடுப்பிலிருந்து மற்றவர்களின் முட்டை கேக்குகள் நன்றாக உப்பி வெளியே வந்தன.

பிளெஸ்ஸி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்து வந்தாள். ஹன்னா பேக்கரிக்குக் கிளம்பியதுமே, பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்து அந்த டம்ளரில் போட்டுக் குக்கரில் வேகவைத்திருந்தாள்.

"இது மட்டும் எப்பிடி அண்ணி இவ்ளோ பூத்துக்கினு கீது?"

ஹன்னா டம்ளரையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒரே மாவு. ஒன்று உடனே வெந்தது, மற்றொன்று வரிசையில் நின்றது. நிற்கும்போது மாவின் மேல் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். தயிரின் புளிப்பு சோடாவைத் தொட்ட உடனே காற்று கிளம்பிவிடுகிறது. அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்க வேண்டும். முட்டை கேக்கில் அடித்த முட்டை காற்றைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைத்திருக்கும், இதில் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அம்மாவோ அடுப்பைச் சூடாக்கிவிட்டுத்தான் மாவையே கலப்பாள்.

மறுநாள் ஹன்னா ஒரு வெறும் தட்டோடும் இரண்டு பாத்திரங்களோடும் பேக்கரிக்குப் போனாள். ஒன்றில் சோடா சேர்த்துச் சலித்த மைதாவும் பொடியும், மற்றொன்றில் வெல்லம் கரைத்த தயிரும் எண்ணெயும். வெறும் தட்டோடு நின்றவளைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கங்கையா கூப்பிட்ட பிறகே இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, தட்டில் ஊற்றி, உடனே அடுப்புக்குள் கொடுத்தாள். கேக் நடுவிலும் உப்பி வந்தது. மாவையும் தயிரையும் தனித்தனியே கொண்டுபோய், அடுப்பில் வைக்கும் நேரத்தில் கலந்தால் போதும்.