கண்டிஷனர் கழுவிய தண்ணீர்

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவ்வளவு காலையில் ஜோகுபாளையத்து வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ரமா கையைத் துடைக்காமலே எடுத்தாள்.

"மேடம், மதலைமுத்து பேசறேன். குளத்து மீனுங்க எல்லாம் மேல வந்துடுச்சு. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. கொஞ்சம் கவுந்தே கெடக்குது."

"எப்போலேர்ந்து?"

"ட்யூட்டிக்கு வந்தப்பவே இப்படித்தான் மேடம். ஏரேஷன் டேங்க்ல நுரை வேற வெள்ளையா நிக்குது."

அவள் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். கம்பெனி வேனுக்குக் காத்திருக்கவில்லை. அல்சூர் பக்கம் வந்து ஆட்டோ பிடித்தாள். கே.ஆர். புரத்துப் புதுத் தொங்குபாலத்தில் லாரிகள் அசையாமல் நின்றபோது, அவள் எட்டி எட்டிப் பார்த்ததில் ஆட்டோக்காரருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

பழைய மதராஸ் சாலையில் ஊரைத் தாண்டி இருந்தது தொழிற்சாலை. முகக் கிரீமும் ஷாம்பூவும் செய்யும் கம்பெனி. சுற்றுச்சூழலுக்காகச் சில இலக்குகளைக் கம்பெனி இரண்டு வருடத்துக்கு முன் அறிவித்திருந்தது. போர்வெல் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பது ஒன்று. சுத்தமாகாத கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. அதற்காகத்தான் ரமாவை வேலைக்கு எடுத்தார்கள். கழிவுநீர் தொட்டி தொட்டியாகச் சுத்தமாகி, கடைசியில் ஒரு சிறு குளத்தில் விழும். அதில் கெண்டை மீன் விட்டிருந்தார்கள். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளம் நிரம்பி வழியும் நீர், மதில் ஓரத்து வாய்க்கால் வழியாகக் கீழே இருக்கும் ஏரிக்குப் போகும்.

அன்று திங்கள்கிழமை. புதன்கிழமை மும்பையிலிருந்து டைரக்டர் சீனிவாசராகவன் வருவதாக இருந்தது. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். இலக்கை எட்டிவிட்டோம் என்று அந்தக் குளத்தங்கரையில் நின்று அறிவிப்பதாக ஏற்பாடு.

ரமா வந்து சேர்ந்தபோது மீன்களில் பாதி செத்திருந்தன. மற்றவை ஓரத்தில் சாய்ந்து மிதந்தன. காற்று ஊதும் ஏரேஷன் டேங்க்கை எட்டிப் பார்த்தாள். எப்போதும் பழுப்பாக, மழை மண்போல வாசம் வரும் அந்தத் தொட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிட்டன என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"வெளியே போற வால்வை மூடுங்க," என்றாள் ஆபரேட்டர் மதலைமுத்துவிடம்.

"மூடினா உள்ளே ரொம்பிடும் மேடம். மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். புரொடக்‌ஷன நிறுத்தணும்."

"மூடுங்க. மத்ததை நான் பேசிக்கறேன்."

பேசிக்கொள்கிறேன் என்று சொன்னாளே தவிர, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டியிருந்தது. பின் கேட்டைத் திறந்து வாய்க்கால் கரையோடு நடந்தாள். தண்ணீர் ஏரியில் விழும் இடத்தில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஆழத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அங்கே இன்னும் எட்டவில்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எட்டாது என்று சொல்ல முடியவில்லை.

வாய்க்கால் ஓரத்தில் மமதா என்ற பெண் கீரைக் கட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். ரமாவை அவளுக்கு முகப்பழக்கம் உண்டு. இந்தத் தண்ணீரில் இன்றைக்கு அலசாதீர்கள் என்று ரமா கன்னடத்தில் சொன்னாள். ஏன் என்று கேட்டாள் மமதா. எங்கள் பக்கத்தில் ஒரு தப்பு நடந்திருக்கிறது என்றாள் ரமா. மமதா கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். நேற்று அலசியது சந்தைக்குப் போய்விட்டதே, அதைத் தின்றவர்களுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள். இவ்வளவு தண்ணீரில் கலந்தபின் ஆகாது என்றுதான் ரமாவின் படிப்பு சொன்னது. ஆனாலும் அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மமதா அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டாள். அலசிய கட்டுகளை எல்லாம் எடுத்துக் கரையில் தள்ளிப் போட்டாள்.

திரும்பி வந்தபோது உற்பத்திப் பிரிவு உஷா குளத்தருகே நின்றிருந்தாள். ஈஜிபுராவிலிருந்து வருபவள். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். கேன்டீனில் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். நுண்ணுயிரைக் கொல்லக்கூடியது உஷாவின் பிரிவு புதிதாகச் செய்துபார்க்கவிருந்த கண்டிஷனர்தான் என்று ரமாவுக்குப் பட்டது.

"உஷா, கண்டிஷனர் ட்ரையல் ஓட்டினீங்களா?"

உஷா தண்ணீரைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை," என்றாள் பிறகு. "பேட்ச் சரியா வரல. வெஸ்ஸல்ல இருந்ததை அப்படியே கழுவி விடச் சொல்லிட்டேன். ஷாம்பூ மாதிரிதான், தாங்கும்னு நெனச்சேன்பா."

"ஷாம்பூ வேற, அது வேற. அது கிருமியைக் கொல்ற ஜாதி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பத்து நாள் நிறுத்தி வைப்பே. லான்ச் தேதி குடுத்தாச்சு. புரொடக்‌ஷன் மேனேஜர் போஸ்ட்டுக்கு என் பேரு போயிருக்கு, உனக்குத் தெரியாதா? இங்க ஒரு பொம்பளை அந்த நாற்காலில உக்காந்ததே இல்ல." அவள் குரல் இறங்கியது. "என் பேரைச் சொல்லிடாத ரமா."

ரமா மேலாளர் அறையைப் பார்த்து நடந்தாள்.

தொழிற்சாலை மேலாளர் சேஷகிரி கத்துகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"குளத்தைக் காலி பண்ணி போர்வெல் தண்ணி விடுங்கோ. மார்க்கெட்லேர்ந்து மீன் தருவிக்கலாம். புதன்கிழமை ஆகட்டும், அப்புறம் நிதானமா ரிப்பேர் பாக்கலாம்."

"தொட்டி முழுக்க செத்துப்போச்சு சார். நுண்ணுயிர் திரும்ப வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் வர்ற தண்ணி எங்கே போகும்?"

"கொஞ்சம் கொஞ்சமா விட்டா ஏரி தாங்கும்."

"ஏரில ஏற்கெனவே மீன் செத்திருக்கு சார். டைரக்டர்கிட்ட சொல்லணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லணும்."

"சொன்னா மொதல்ல போறது உங்க வேலை ரமா. இலக்கு உங்களோடது."

அது மிரட்டல் இல்லை, உண்மை. அவளுக்கும் தெரியும். வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். தொலைபேசியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். மும்பை எண் கிடைத்ததும் பேசத் தயார் செய்து வைத்த வார்த்தைகள் மறந்துபோயின. மீன் செத்துவிட்டது, ஏரிக்கும் போய்விட்டது, தயவுசெய்து யாரையும் அழைத்து வராதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

"உற்பத்தியை நிறுத்துங்க. நான் வரேன்," என்றார் சீனிவாசராகவன்.

இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டேங்கர் லாரிகள் வந்து குளத்து நீரையும் தொட்டிக் கழிவுநீரையும் வேறிடத்துக்குக் கொண்டுபோயின. வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து ஏரித் தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் போனார்கள். உஷா கேன்டீனுக்கு வரவில்லை.

புதன்கிழமை டைரக்டர் தனியாக வந்தார். வற்றிய குளத்தின் விளிம்பில் நின்று, சேஷகிரி, ரமா, உஷா மூவரையும் பார்த்து, யாருடைய தவறு என்று கேட்டார்.

"ஆபரேட்டர் கவனிக்கலை சார்," என்றார் சேஷகிரி. "ஞாயித்துக்கிழமை நுரை வந்தப்பவே ரிப்போர்ட் பண்ணியிருக்கணும்."

பின்னால் நின்றிருந்த மதலைமுத்து நிமிர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. ரமா உஷாவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். இனி பேசித்தான் ஆக வேண்டும், உஷாவின் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"அவர் மேல தப்பில்ல சார்," என்று ஆரம்பித்தாள்.

"கழுவி விடச் சொன்னது நான்," என்றாள் உஷா. "ரமாகிட்ட கேக்காம செஞ்சேன். வேற யாருக்கும் தெரியாது."

டைரக்டர் அவளைத் திட்டவில்லை. கண்டிஷனர் தயாரிப்புக்கு மட்டும் தனியாக ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை அதை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாரியத்தின் நோட்டீஸ் வந்தது. அந்த வருட அறிக்கையில் கழிவுநீர் இலக்கு எட்டப்படவில்லை என்று போட வேண்டும் என ரமா பிடிவாதம் பிடித்தாள். பல நாள் இழுபறிக்குப் பின் அந்த ஒரு வரி சிறிய எழுத்தில் அச்சானது. உஷா எதிர்பார்த்த மேனேஜர் பதவி ஹோசூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ரமாவின் வேலை போகவில்லை. ஆனால் காலையில் தொலைபேசி அடித்தால் இன்னமும் அவளுக்கு முதலில் மீன்தான் நினைவுக்கு வந்தது.

உஷா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். ரமாவும் வற்புறுத்தவில்லை.

புதுத் தொட்டி கட்டி முடிந்து, மழைக்காலமும் வந்த பிறகு ஒரு நாள் உஷா ஆய்வகத்துக்குள் வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. ரமாவின் மேசையில் வைத்தாள்.

"புது ஃபார்முலா. இதைக் கழுவினா உன் தொட்டி தாங்குமான்னு பாத்துச் சொல்லு. அதுக்கப்புறம்தான் பேட்ச் போடுவேன்."

"சொல்ல நாளாகும்."

"ஆகட்டும்," என்றாள் உஷா. போகாமல் நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாப்ட்டியா?"