சாய்ந்த படகு

சலவைக்கூடத்தில் அக்காவின் வலது கைமேல் கொதிநீர் கொட்டி, தோல் வழன்றுவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். ஒட்டிய துணியை உரிக்கும்போது அவள் போடும் கூச்சல் மாடிப்படி வரை கேட்கும். நாலாவது முறை முடிந்து வெளியே வந்தவள், "இனி வரமாட்டேன்டா. அழுகினாலும் அழுகட்டும்" என்றாள் துணைக்கு வந்திருந்த தம்பியிடம். பிடித்தால் பிடித்த பிடிதான் அவள்.

வலியை மறக்கடிக்க அங்கே ஒரு வி.ஆர். ஹெட்செட் இருந்தது. கண்ணில் மாட்டினால் ஆற்றில் படகு போகும். இருந்து என்ன பயன்? செய்த கம்பெனி சர்வரை மூடிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டது. அது 'உள்நுழையவும்' என்று கேட்டபடி அலமாரியில் கிடந்தது. தம்பி மென்பொருள் எழுதுகிறவன். நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை வீட்டுக்கு எடுத்து வந்தான்.

சர்வர் தயவில்லாமல் லினக்ஸ் கணினியில் அதை ஓட்ட, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல டிரைவர் நிரலை, முகம் தெரியாத நாலைந்து பேர் பாதி எழுதி வைத்திருந்தார்கள். படம் வந்தது. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பவில்லை. யூஎஸ்பி வழியே வரும் எண்களைத் துருவித் துருவிப் பார்த்து, எது மேல் கீழ், எது இட வலம் என்று இரண்டு நாளில் பிரித்தெடுத்தான். எது நேர் என்று சென்சாருக்குச் சொல்லும் தொழிற்சாலை அளவுகள் சர்வரோடு போய்ச் சேர்ந்திருந்தன. எனவே தானே மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, 'இதுதான் நேர்' என்று பதிந்தான். படகு கனகச்சிதமாக மிதந்தது.

"கடைசியா ஒரு தடவை, எனக்காக வாக்கா" என்று காலைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தான். மாட்டிய இரண்டாவது நிமிடமே அவள் கழற்றித் தள்ளினாள்.

"படகு கவுருதுடா! வாந்தி வருது."

தம்பி வாங்கி மாட்டிப் பார்த்தான். "நேராத்தானே இருக்கு?"

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க தலையே ஒரு பக்கமா சாஞ்சில்ல இருக்கு."

"அவன் பொறந்ததுல இருந்தே அப்படித்தான்," என்றாள் அக்கா. "போட்டோ எடுக்கிறவங்க நிமித்தி நிமித்தி அலுத்துட்டாங்க."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. தன் கோணல் கழுத்தையல்லவா நேர் என்று பதிந்திருக்கிறான்! அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அஞ்சே நிமிஷம்க்கா."

தண்ணீர் கிளாஸை வைத்து மேசை மட்டமா என்று பார்த்தான். ஹெட்செட்டை அதன்மேல் வைத்து, மறுபடி நேரைப் பதிந்தான். இதுவும் சொதப்பினால் அவள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள். நர்ஸ் துணியை நனைத்து ஓரத்தைத் தூக்கினாள். அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

"டேய், கரையில ஒரு நாய் கூடவே ஓடி வருது."

"ம்."

"ஐயையோ, தண்ணியில குதிச்சிருச்சு! படகை நிறுத்துடா, அது ஏறிக்கட்டும்."

திரும்பினான். துணி பாதிக்குமேல் உரிந்திருந்தது. சிவந்த சதையைப் பார்த்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நிறுத்த முடியாதுக்கா," என்றான்.

"என்னத்த செஞ்சியோ போ," என்று திட்டிவிட்டு, அவள் நாயைப் பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.