அக்குமு சொன்ன வழி

"தொட்டுப் பாருங்க டீச்சர், எப்படி மினுங்குது" என்று மகளின் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்து இருக்கைப் பெண்மணியின் மடியில் வைத்தாள் அக்குமு. துருக்கி விசா ஒட்டிய பக்கம். வேன் உகாண்டாவின் இகாங்காவை நெருங்கிக்கொண்டிருந்தது. காலை மணி ஏழரை. பதினான்கு பேர் உட்காரும் வண்டியில் பத்தொன்பது பேர், காலடியில் மூன்று கோழிகள். பபிரியே டீச்சர் புகிரியில் ஏறியவர். ஏறி அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மகள் நபுலாவின் பள்ளி மதிப்பெண்கள், அங்காராவில் நீர்ப் பொறியியல் படிக்க அவளுக்குக் கிடைத்த உதவித்தொகை, விடுதி இலவசம் என்பது, விமான டிக்கெட் மட்டும் சொந்தச் செலவு என்பது எல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. பெட்டி எடை கூடினால் தனிக்கட்டணம் என்று அம்மா சொன்னதால் நபுலா இரண்டு ஸ்வெட்டரையும் ஒரு கோட்டையும் உடம்பிலேயே போட்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, அந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவள்போல் சன்னல் வழியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புசியா என்ற ஊர்ப்பெயர் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அக்குமு இருப்பது கென்யப் பக்கம். பேருந்து நிலையத்தை ஒட்டி அவளுக்கு ஒரு டீக்கடை உண்டு. டீ குடிக்க வருகிறவர்களைவிட வழி கேட்க வருகிறவர்கள் அதிகம். "கிசுமுவுக்கா? நிலையத்துல ஏறாத. வளைவு வரைக்கும் நட. நெறையாம கெளம்புனவன் அங்க பாதிக் காசுக்குக் கெஞ்சுவான்" என்பாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரட்டைக் கட்டணம் கொடுத்துவிட்டு வந்து புலம்பும்போது, தான் பதினேழு வருடமாக டிசம்பர் கட்டணம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்று இடுப்பில் கை வைத்துச் சொல்வாள். கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். இல்லாதவர்களிடம்தான் எல்லாரும் கூடுதலாகக் கேட்கிறார்கள். தெரியாதவள் கொடுக்கிறாள், தான் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். புருஷன் போனபிறகு அவள் தலைநிமிர்ந்து நடந்தது இந்த ஒரு அறிவின் பலத்தில்தான்.

விமான டிக்கெட்டையும் அவள் அப்படித்தான் பிடித்தாள். நைரோபியிலிருந்து தொண்ணூற்று மூவாயிரம் ஷில்லிங். பதினோரு நாள் இணையக் கடைக்காரருக்கு இலவச டீ கொடுத்துத் திரையைப் பார்க்க வைத்தாள். பன்னிரண்டாம் நாள் உகாண்டாவின் என்டெபேயிலிருந்து எழுபத்தோராயிரத்துக்கு ஒன்று விழுந்தது. தேதி மாற்ற முடியாது, பணம் திரும்ப வராது, அதனால்தான் அந்த விலை. உதவித்தொகை வாங்கிய மற்றப் பிள்ளைகள் நைரோபியில் ஒன்றுகூடி, மாலையும் புகைப்படமுமாகக் கிளம்புகிறார்கள் என்று நபுலா ஒரே ஒரு தடவை சண்டை போட்டாள். "எல்லாரும் மனுஷங்களோட போறாங்க, நான் மட்டும் கோழியோட போகணுமா?" என்று கேட்டாள். அக்குமு அசையவில்லை. மிச்சமான இருபத்திரண்டாயிரமும் மகளின் முதல் குளிர்காலத்துக்கு என்று உள்பாவாடை முடிச்சில் இருந்தது.

டீச்சர் விசாவைப் பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு அதற்கடுத்த பக்கத்தை. பிறகு முதலிலிருந்து ஒருமுறை.

"எல்லாம் காலியா இருக்கே. உகாண்டாவுக்குள்ள வந்த முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"எல்லைய எந்தப் பக்கமா தாண்டுனீங்கம்மா?"

"எங்க அக்கா வீட்டுப் பக்கமா" என்றாள் அக்குமு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற குரலில்.

சந்தைக்குப் பின்னால் சோளக்கொல்லை நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. கொல்லையின் பாதி கென்யா, பாதி உகாண்டா. சர்க்கரை வாங்க, சாவுக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக என்று ஊரே அந்தப் பாதையில்தான் நடக்கிறது. அக்குமுவின் அக்கா அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எல்லையா, அது லாரிகளுக்கு என்பதுதான் புசியாவில் பிறந்த எவருக்கும் நினைப்பு. இரவு அக்கா வீட்டில் தங்கினால் விடுதிச் செலவு இல்லை, விடியலில் அந்தப் பக்கத்து வேன் பிடித்தால் பேருந்தைவிடப் பாதி விலை என்று அக்குமு எல்லாவற்றையும் யோசித்திருந்தாள்.

"உள்ள வந்ததாவே கணக்கில்லாத புள்ளைய வெளிய எப்படி அனுப்புவாங்க? என் தம்பிய இப்படித்தான் கடைசி நிமிஷத்துல திருப்பி விட்டாங்க. விமானம் எத்தனை மணிக்கு?" என்றார் டீச்சர்.

"அஞ்சரைக்கு."

நபுலா சன்னலிலிருந்து திரும்பினாள். டீச்சர் மடியிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து மூடினாள். அவள் கத்தியிருந்தால் அக்குமுவுக்குத் தாங்கியிருக்கும். வெள்ளிக்கிழமையோடு கல்லூரிச் சேர்க்கை முடிகிறது. இன்னொரு டிக்கெட் எடுக்க டீக்கடையையே விற்றாலும் போதாது. எந்த அறிவை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாளோ அதுவே மகளின் படிப்பைக் கவிழ்க்கப் பார்க்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நிறுத்துப்பா, எறங்கணும்" என்றாள். பாதி வழிக்கு முழுக்காசையும் கேட்டார் நடத்துநர். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

எதிர்த்திசை வேனில் புசியா திரும்பும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. முறையாக எல்லையைக் கடக்க வேண்டுமென்றால் முதலில் கென்யாவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வேறு வழியில்லாமல் அதே சோளக்கொல்லை வழியே அம்மாவும் மகளும் பெட்டியைத் தலையில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு ஓடினார்கள். பிறகு பெரிய சாலைக்கு வந்து, லாரிகளுக்கு நடுவே, எல்லைச் சோதனை நடக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அக்குமு அதன் வாசலை வருடக்கணக்காகக் கடந்து போயிருக்கிறாள். உள்ளே கால் வைத்தது அன்றுதான். ஒரு முத்திரை கென்யாவை விட்டுப் போனதற்கு, பக்கத்து மேசையில் இன்னொன்று உகாண்டாவுக்குள் வந்ததற்கு. அக்குமு தன் அடையாள அட்டையைக் காட்டி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"முதல் தடவையா வெளிநாடு போறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவ போறா" என்றாள் அக்குமு. மூச்சு வாங்கியபோதும் அந்த இரண்டு சொல்லைக் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னாள்.

வெளியே வந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம். கம்பாலா வேனில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்; நிரம்பாமல் அது அசையாது. வாடகைக் காரோட்டி ஒருவன் அவர்கள் முகத்தைப் பார்த்தவுடனேயே விலையை முடிவு செய்துவிட்டான்.

"என்டெபேயா? நாலு லட்சம், உகாண்டாக் காசு. அவசரம்னு தெரியுது, ஏறுங்க."

மிச்சம்பிடித்ததில் பாதிக்கு மேல் அது. அக்குமு பேரம் பேசவில்லை. சுவரோரம் திரும்பி நின்று உள்பாவாடை முடிச்சை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அந்தக் கையை நபுலா பிடித்தாள்.

"என்னம்மா பண்ற? கேட்ட விலையக் குடுக்கப் போறியா?"

"விடுடி. என் புத்தியால வந்த வினை, நானே அழுதுடறேன்."

"இவன் வழியெல்லாம் நிப்பான்மா. பெட்ரோலுக்கு நிப்பான், சாப்பாட்டுக்கு நிப்பான். எங்கயுமே நிக்காத வண்டி எது? நீதான கடையில கேப்ப?"

அக்குமு மகளைப் பார்த்தாள். பயத்தில் அவளுக்கே தோன்றாமல் போனது.

"மீன் வண்டி" என்றாள்.

"எகேசா அண்ணனுக்குப் போன் போட்டேன். ஏரிக்கரையிலேருந்து வந்துக்கிட்டு இருக்காராம். சரக்கு என்டெபே ஃபாக்டரிக்குத்தான். நீ கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தப்பவே பேசிட்டேன்."

வாரத்தில் இரண்டு நாள் கென்யப் பக்கம் மீன் இறக்கிவிட்டு அக்குமுவிடம் டீ குடிப்பவன் எகேசா. பத்தே நிமிடத்தில் வண்டி சந்திப்பில் வந்து நின்றது. பனிக்கட்டி உருகுவதற்குள் ஃபாக்டரி சேர வேண்டும், அதனால் அவன் எங்கும் இறங்குவதில்லை. சோதனைச் சாவடிக் காவலர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டி அனுப்பிவிடுவார். முன்னிருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள், பெட்டி நபுலாவின் மடியில்.

"நபுலாம்மா, ஊருக்கே வழி சொல்றவளுக்கு வழி சொல்ல ஆள் வந்துட்டாங்க போல" என்று எகேசா சிரித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

"காசு ஒண்ணும் வேணாம். துருக்கியில மீன் என்ன விலைன்னு மட்டும் பாப்பா வந்து சொல்லணும்."

இகாங்கா போனது, ஜின்ஜா பாலம் போனது. காட்டுக்கு நடுவே சாலை வளைந்தபோது அக்குமு மெல்ல, "நைரோபிக்கே அனுப்பியிருக்கணும் உன்ன" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு நூறு மைல் தேவைப்பட்டது. நபுலா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தப் பாரத்தில் தோள் மரத்துப்போயும் அக்குமு அசையவில்லை. கம்பாலா நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தபோது போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எகேசா சந்து சந்தாகப் புகுந்து ஏரிச்சாலையைப் பிடித்தான்.

மூன்றே முக்காலுக்கு விமான நிலைய வாசல். டிக்கெட் இல்லாதவர்களுக்கு அதற்குமேல் அனுமதியில்லை. காவல் நின்ற பெண் நபுலாவின் கோட்டை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"என்ன வாடை இது?"

"நல்ல ஏரி மீன். விமானத்துல எல்லாருக்கும் கொஞ்சம் பசிக்கும்" என்றாள் நபுலா, தலையைக் குனியாமல். காவல்காரி சிரித்துவிட்டாள். அக்குமு மகளைத் திரும்பிப் பார்த்தாள். தன் மகள் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

கட்டிப்பிடித்து நிற்க நேரமில்லை. "முத்திரை குத்திட்டாங்கன்னா போன்ல ஒரு மணி அடிச்சு வச்சிடு. நான் எடுக்க மாட்டேன், உனக்குக் காசு போகும்" என்றாள் அக்குமு. சரி என்று கையை அசைத்துவிட்டு நபுலா உள்ளே ஓடினாள்.

எகேசா மீனை இறக்கி முடித்த ஃபாக்டரி ஏரிக்கரையில் இருந்தது. காலி வண்டி ஓரமாக நின்றது. உள்ளே சாய்ந்து அவன் கண்ணை மூடிக்கொண்டான். அக்குமு வெளியே நின்றாள், போனைக் கையில் பொத்திக்கொண்டு. நாலேகாலாயிற்று, நாலரையாயிற்று. நாலு முப்பத்தேழுக்குப் போன் ஒரு மணி அடித்தது. எடுக்காமல் வெறித்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ விபரீதம் என்று பதறி எடுத்தாள்.

"என்னடி? நிறுத்திட்டாங்களா?"

"உள்ள வந்துட்டேன்மா. முத்திரையப் பாத்தார், குத்தினார், அவ்வளவுதான்."

"அப்ப வைடி! காசு போகுது!"

"போகட்டும்மா. இன்னிக்கு மட்டும்" என்றாள் நபுலா. "சன்னல் சீட்டுக்குத் தனியாக் காசு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். வரிசையில பின்னாடி நின்னவரோட சீட்டுச் சன்னலோரம், அவருக்குக் கீழ பாத்தாலே தலை சுத்துமாம். என் நடுச்சீட்ட அவருக்குக் குடுத்துட்டேன்."

அக்குமு வாயில் தோள்துணியை அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. "என் தங்கமே" என்றாள். "நான் பெத்த தங்கமே."

விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது, ஆறு மணிக்கு மேல். மரங்களுக்குப் பின்னால் இரைச்சல் எழுந்து, அது ஏரிக்கு மேலே ஏறி, படகுகளைத் தாண்டி வெயிலில் திரும்பியது. எந்தச் சன்னல் என்று அக்குமு தேடவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் தன் மகளுடையதாகவே அவளுக்குப் பட்டது. பேருந்து நிலையத்தில் வண்டி நிரம்பியதும் அதன் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டித்தான் அனுப்புவார்கள். அவள் கை தானாக எழுந்து, வானத்தைப் பார்த்தபடியே, மீன் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு தட்டு தட்டியது. உள்ளே எகேசா திடுக்கிட்டு எழுந்து எஞ்சினை முடுக்கினான். அவள் நகரவில்லை. தகரம் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருக்க, அந்த வெள்ளைப் புள்ளி மேகத்துக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.